ஓரிடத்தில் வேலை மாறத் துடிக்கிறார்கள், இன்னோரிடத்தில் அசைய மறுக்கிறார்கள்: ஏன்?

நீங்கள் கேட்டது இது: உங்கள் நிறுவனத்துக்கு ஏழெட்டு நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. எல்லாக் கிளைகளிலும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, "அடுத்த ஓராண்டுக்குள் வேறு வேலைக்குப் போகும் எண்ணம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வட்டாரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் "உண்டு" என்கிறார்கள். இன்னொன்றில் அப்படிச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை ஒன்றுதான், சம்பளமும் அந்தந்த நாட்டு நிலவரப்படி ஏறத்தாழ நிகரானதுதான். அப்படியென்றால் இது மக்களின் சுபாவமா, ஒரு நாட்டார் விசுவாசிகள், மற்றொரு நாட்டார் அலைபாய்கிறவர்களா என்று கேட்கிறீர்கள்.

சுபாவம் என்ற விடையை நான் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் எடுப்பேன். அது சொல்வதற்குச் சுலபம். எந்த மேலாளருக்கும் பிடித்தமானதும்கூட, ஏனென்றால் அதை ஏற்றுக்கொண்டால் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக இத்தகைய கணக்கெடுப்புகளைப் படித்துவந்ததில் எனக்குப் பட்டது வேறு. ஒரு வேலையை விட்டுப் போவதற்கு ஊருக்கு ஊர் ஒரு விலை இருக்கிறது. சட்டம், காப்பீடு, ஓய்வூதியம், விசா, வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து அந்த விலையை நிர்ணயிக்கின்றன. விலை எட்டாத உயரத்தில் இருந்தால் பலர் ஆசைப்படுவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்ற நரியின் கதைதான். கேள்வித்தாளில் பதிவாவது அந்தப் புளிப்பு. நாம் அதை விசுவாசம் என்று வாசித்துவிடுகிறோம்.

விவரத்துக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். வேலை மாற ஆசைப்படுவது, வேறு வேலை தேடுவது, இருக்கும் வேலையை விடுவது, மூன்றும் தனித்தனி. உலக அளவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்கிறது: புதிய வேலையைத் தேடுகிறீர்களா, அல்லது வாய்ப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆம் என்கிறார்கள். வட்டாரவாரியாகப் பிரித்தால் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா உச்சத்தில் நிற்கிறது, ஐரோப்பா மிகத் தாழ்வாக இருக்கிறது. ஆப்பிரிக்கர்கள் ஒரு வேலையில் நிலைக்காதவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமே அரிதாக இருக்கும் இடத்தில், இன்றைய வேலை அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாதபோது, கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்தான் விவரமானவர்.

வேலையை விடுவது அப்படி இல்லை. அதற்கு அடுத்த வாசல் திறந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2000 டிசம்பரிலிருந்து மாதந்தோறும் ராஜினாமாக்களைக் கணக்கெடுக்கிறது. பொருளாதாரம் சரிந்து கிடந்த 2009-இல் ஒரு மாதத்தில் தாமாக வேலையை விட்டவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. ஆள் கிடைக்காமல் முதலாளிகள் திண்டாடிய 2021 நவம்பரில் அது 3 விழுக்காடு, ஏறத்தாழ 45 லட்சம் பேர். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்கர்களின் குணம் இரண்டு மடங்காக மாறிவிடவில்லை. 2009-இல் அவர்கள் தங்கள் வேலையை அதிகம் நேசித்தார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இனி விசுவாசத்துக்குப் பெயர்போன ஜப்பானுக்கு வருவோம். கேலப்பின் அதே ஆய்வில், வேலையில் மனம் ஒன்றி ஈடுபடுவதாகச் சொல்லும் ஜப்பானியர் பத்தில் ஒருவர்கூட இல்லை. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் பெரிய நிறுவனங்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் இடம் மாறுவது குறைவு. வேலையிலும் மனம் இல்லை, வெளியேறவும் இல்லை என்றால் அவர்களைக் கட்டி வைத்திருப்பது எது? அங்கே பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் படிப்பு முடித்தவர்களை வசந்தகாலத்தில் கூட்டமாக எடுத்துக்கொள்கின்றன. அந்த வண்டியைத் தவறவிட்டவனுக்கு அடுத்த வண்டியில் அதே வகுப்பில் இடம் கிடைப்பது அரிது. சம்பளம் பணி மூப்பைப் பார்த்து ஏறும். பணி ஓய்வுத் தொகையும் அப்படியே. தானாக விலகுகிறவருக்கு அதில் வெட்டும் விழும். இவற்றோடு வரிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஓய்வுத் தொகைக்கான வரிக் கழிவைக் கணக்கிடும்போது, முதல் 20 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 4 லட்சம் யென் கழிக்கலாம். 20-க்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 லட்சம் யென். பதினெட்டு ஆண்டு முடித்த ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால், அதற்கு விசுவாசம் என்ற பெயர் எதற்கு?

இத்தனைக்கும், காலவரையறையற்ற பணியில் இருப்பவர் இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும், விலகிக்கொள்ளலாம் என்கிறது ஜப்பானியக் குடிமைச் சட்டம். ஆனால் மேலதிகாரி முன்னால் நின்று அதைச் சொல்ல முடியாமல் தவிப்பவர்களுக்காக ஒரு தொழிலே கிளம்பியிருக்கிறது. இருபது, முப்பதாயிரம் யென் கட்டினால் உங்களுக்குப் பதிலாக ஒருவர் காலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வார்: இன்னார் இன்று முதல் வரமாட்டார், அடையாள அட்டையைத் தபாலில் அனுப்பிவிடுவார், அவரை நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டாம். ஒரு நாட்டில் விலகலின் விலை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை, உண்மையிலேயே அதற்கு ரசீது கொடுக்கிறார்கள்.

"எல்லாம் சரி, பண்பாடு காரணம் அல்ல, விதிகள்தான் காரணம் என்பதற்கு ஆதாரம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரியா அதற்கு நல்ல விடை தருகிறது, ஏனென்றால் அங்கே மக்கள் அப்படியே இருக்க, விதி மட்டும் மாறியது. பழைய ஏற்பாட்டில் மூன்று ஆண்டு பணி முடித்தவரை நிறுவனம் அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளம் பணிக்கொடை. அது படிப்படியாக உயர்ந்து 25 ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் ஆகும். ஆனால் அவரே ராஜினாமா செய்தால் சல்லிக்காசு கிடையாது. எனவே வேறு இடத்தில் நல்ல வாய்ப்பு வந்தாலும், நிறுவனம் தன்னை அனுப்பட்டும் என்று காத்திருப்பதுதான் லாபம். 2003 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கிய பணிகளுக்கு இது மாறியது. முதலாளி மாதந்தோறும் சம்பளத்தில் 1.53 விழுக்காட்டைத் தொழிலாளியின் பெயரில் ஒரு நிதியில் கட்டிவிட வேண்டும். அவர் எங்கே போனாலும் அந்தக் கணக்கு அவரோடு போகும். அதன்பின் வேலை மாறுவது கூடியதைப் பொருளியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே வியன்னா, அதே மக்கள்.

அமெரிக்காவில் இதே கயிறு மருத்துவக் காப்பீட்டின் வடிவில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது 1942-இல் சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. கூடுதல் சம்பளம் காட்டி ஆளை இழுக்க முடியாத நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டி இழுத்தன. அப்படி வேலையோடு ஒட்டிய காப்பீடு இன்றுவரை ஒட்டியே கிடக்கிறது. நோயாளிக் குழந்தையை வைத்திருக்கும் தந்தை எப்படி வேலையை விடுவார்? பிரிஜிட் மாட்ரியன் என்ற பொருளியலாளர் 1994-இல் வெளியிட்ட கணக்கின்படி, நிறுவனக் காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் தாமாக விலகுவதை இந்தப் பிணைப்பு சுமார் 25 விழுக்காடு குறைக்கிறது. டென்மார்க்கில் இப்படி ஒரு கவலையே எழாது. சிகிச்சை அரசின் பொறுப்பு. வேலை போனாலும், வேலையின்மை நிதியில் உறுப்பினராக இருந்தால் பழைய சம்பளத்தில் 90 விழுக்காடுவரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். ஆளை நீக்குவதும் அங்கே சுலபம். விழுந்தால் அடிபடாது என்று தெரிந்ததால் டேனியர்கள் வேலை விட்டு வேலை தாவுகிறார்கள்.

வளைகுடா நாடுகளைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கே விலை பணத்தால் மட்டும் ஆனதல்ல. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய தமிழர் எவரிடமும் "ரிலீஸ்" என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். சினிமா ரிலீஸ் என்று நினைக்கமாட்டார். கஃபாலா முறையில் தொழிலாளியின் குடியிருப்பு அனுமதி அவரை அழைத்துவந்த கஃபீலின், அதாவது அவருக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின், பெயரோடு கட்டப்பட்டது. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால், பழைய முதலாளி முத்திரை குத்திக் கையெழுத்திட்ட தடையில்லாச் சான்று, அதாவது அந்த "ரிலீஸ்", நெடுங்காலம் தேவைப்பட்டது. அவர் மறுத்தால் ஊருக்குத் திரும்புவது ஒன்றுதான் வழியாக இருந்தது. கேட்காமல் வேறிடம் போனால் சவூதியில் "ஹுரூப்", அதாவது ஓடிப்போனவர் என்று புகார் பதிவானது. இந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம், நிறுவனம் கொடுத்த அறையில், நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளை நீட்டி, வேறு வேலைக்குப் போக விருப்பமா என்று கேட்டால் என்ன சொல்வார்? பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை ஒருமுறை பார்ப்பார். பிறகு "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடிப்பார்.

ஐக்கிய அரபு அமீரகம் 2011-இல் இதைத் தளர்த்தியது: ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் பழைய முதலாளியின் அனுமதி இல்லாமலே புதியவரிடம் சேரலாம். சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகிய மூவரும் சம்பளப் பதிவுகளை வைத்து இதன் விளைவை ஆராய்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்களின் சம்பளம் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது. வேறு நிறுவனத்துக்கு மாறியவர்கள் கூடினார்கள். ஆனால் அதே நிறுவனத்தில் தங்கியவர்களும் கூடினார்கள், இதுதான் சுவையான இடம். முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்ததும் நொந்துபோய் நாட்டைவிட்டே போனவர்கள், இப்போது பேரம் பேசி நல்ல சம்பளத்துக்கு அங்கேயே இருந்துவிட்டார்கள். கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று பயப்படும் முதலாளிகளுக்கு இந்த ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு. கத்தார் 2020-இல் தடையில்லாச் சான்றை எடுத்துவிட்டது. அதன்பிறகும் முதலாளி கையெழுத்திட்ட ராஜினாமாக் கடிதம் இல்லாமல் நகர முடியாமல் சிக்கியவர்கள் உண்டு. சட்டம் மாறிய தேதியை வைத்து மட்டும் விலை குறைந்துவிட்டதாகக் கணக்கிடாதீர்கள்.

ஜெர்மனியில் மாறும் ஆர்வம் குறைவாகத் தெரிவதற்குச் சற்று மரியாதையான காரணமும் உண்டு. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் முன்வைத்த ஒரு பகுப்பு இங்கே உதவும்: மனக்குறை உள்ளவர் வெளியேறலாம், அல்லது உள்ளே இருந்து வாய்திறக்கலாம். ஐந்து நிரந்தரப் பணியாளர் இருந்தாலே ஜெர்மானிய நிறுவனத்தில் ஊழியர்கள் தங்களுக்கென ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை நேரம், கூடுதல் நேரம், விடுப்புத் திட்டம் போன்றவற்றில் அதன் இசைவு தேவை. வாய்திறந்தால் காரியம் நடக்கும் இடத்தில் வெளியேறத் தேவை குறையும். மரியாதை குறைவான காரணங்களும் இல்லாமல் இல்லை. தக்க காரணமின்றித் தானாக வேலையை விட்டவருக்குப் பொதுவாக 12 வாரம் வேலையின்மை உதவித்தொகை நிறுத்தப்படும். பல ஒப்பந்தங்களில் மூன்று மாத அறிவிப்புக் காலம் இருக்கும். பிறகு அந்தப் பணிச் சான்றிதழ். விலகும்போது அதைப் பெறுவது ஊழியரின் சட்ட உரிமை. அது உண்மையாகவும் அவருடைய முன்னேற்றத்தைக் கெடுக்காததாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முதலாளிகள் ஒரு சங்கேத மொழியே வளர்த்துவிட்டார்கள். "எப்போதும் எங்கள் மிக முழுமையான திருப்திக்கு ஏற்ப" என்று எழுதினால் முதல் தரம். வெறுமனே "எங்கள் திருப்திக்கு ஏற்ப" என்றால் சுமார். "முயற்சி எடுத்தார்" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது, முயன்றார், முடியவில்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒற்றைச் சொல் அடுத்த வேலையைத் தீர்மானிக்கும் நாட்டில் யாரும் கோபத்தில் எழுந்து போய்விடுவதில்லை.

நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு இது. ஒரே நாட்டுக்குள் சட்டமும் மொழியும் ஒன்றாக இருக்கும்போதும் வேறுபாடு வருகிறதே என்றால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது எத்தனை முதலாளிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை. ஒரு தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அந்தத் திறனுக்கு நிரந்தரச் சந்தை உருவாகிவிடும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே எழுதினார். அப்படிப்பட்ட ஊரில் வீடு, பிள்ளைகளின் பள்ளி எதையும் மாற்றாமல் வேலையை மட்டும் மாற்றலாம். ஒரே ஆலையை நம்பிய ஊரில் வேலை மாறுவதென்றால் குடிபெயர்வது.

ஆனால் குவிந்திருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கும், பாஸ்டனைச் சுற்றி ஓடும் 128-ஆம் சாலைப் பகுதியும் ஒரு காலத்தில் நிகரான மின்னணுத் தொழில் மையங்கள். கலிஃபோர்னியாவில், விலகிப்போகும் ஊழியர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை 1872-இலிருந்தே பொதுவாகச் செல்லாது. மாசசூசெட்ஸில் செல்லும். 1957-இல் எட்டுப் பேர் வில்லியம் ஷாக்லியின் மின்னணு நிறுவனத்தை விட்டு ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் நாய்ஸும் மூரும் அதிலிருந்தும் விலகி 1968-இல் இன்டெலைத் தொடங்கினார்கள். வேலையை விட்டவன் துரோகி அல்ல, நாளைக்கு நமக்கே வேலை கொடுக்கக்கூடியவன் என்ற எண்ணம் அந்தப் பள்ளத்தாக்கில் இப்படி வேரூன்றியது. இதைப் பண்பாடு என்று சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆய்வாளர் அனலீ சாக்செனியன் அந்தப் பண்பாட்டை விவரித்த பிறகு, ரொனால்ட் கில்சன் என்ற சட்ட அறிஞர் 1999-இல் அதன் அடியில் கிடந்த பழைய சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதன் ராஜினாமா விகிதம் பெரும்பாலும் தேசிய சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது! பள்ளத்தாக்கின் பொறியாளர்கள் மாநில உழைப்பாளர்களில் ஒரு சிறு பகுதி. வட்டார சராசரியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பெரும்பாலும் எந்தத் தொழில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். விடுதி, உணவகம், சுற்றுலா போன்ற துறைகளில் ஆட்கள் விலகும் வேகம் மற்ற துறைகளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அரசுப் பணியில் மிகக் குறைவு. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலும் ராக்கி மலை மாநிலங்களிலும் ராஜினாமா அதிகம், நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற வடகிழக்கில் குறைவு என்பதில் பெரும்பங்கு இந்தக் கலவைக்குரியது. மொன்டானா இதற்கு வேடிக்கையான சாட்சி. காரணமில்லாமல் ஆளை நீக்கக் கூடாது என்று 1987-இல் சட்டம் போட்ட ஒரே மாநிலம் அது. பணிப் பாதுகாப்பு இருந்தால் ஆட்கள் தங்குவார்கள் என்றால் அங்கே ராஜினாமா குறைவாக இருக்க வேண்டும். பலமுறை தேசிய சராசரிக்கு மேலேதான் இருந்திருக்கிறது. பருவகாலச் சுற்றுலா வேலைகளை எந்தச் சட்டமும் நிரந்தரமாக்கிவிடாது.

வயதும் அப்படித்தான். 2024 ஜனவரி நிலவரப்படி அமெரிக்காவில் 25 முதல் 34 வயதுள்ளவர்கள் இப்போதைய முதலாளியிடம் கழித்த காலத்தின் இடைநிலை அளவு 2.7 ஆண்டு, 55 முதல் 64 வயதுள்ளவர்களுக்கு 9.6 ஆண்டு. உங்கள் ஒரு கிளையில் இளைஞர்களும் மற்றொன்றில் மூத்தவர்களும் அதிகம் என்றால், நாட்டின் பெயரைச் சொல்வதற்கு முன் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள்.

சுபாவத்தைக் கடைசியில் எடுப்பேன் என்றேன். எடுத்துவிடுகிறேன். அது பெரும்பாலும் விருப்பத்தில் வெளிப்படுவதைவிட, பதில் சொல்லும் விதத்தில் வெளிப்படுகிறது. ஐந்து கட்டங்கள் கொண்ட கேள்வியில் கிழக்காசியர்கள் நடுக் கட்டத்தை நாடுவதும், லத்தீன் அமெரிக்கர்கள் ஓரக் கட்டங்களைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பதும் கணக்கெடுப்பாளர்களுக்குப் பழகிய சங்கதி. "மிகவும் உடன்படுகிறேன்" என்பதை மட்டும் எண்ணினால் டோக்கியோ விசுவாசமாகவும் சாவோ பாலோ கொந்தளிப்பாகவும் தோன்றும். இரண்டு கிளைகளின் மற்ற விடைகளையும் பாருங்கள். உணவுக்கூடம் பற்றிய கேள்விக்கும் ஒரு கிளை நடுக் கட்டத்திலேயே நின்றிருந்தால், அங்கே நீங்கள் அளந்தது வேலை மாறும் ஆர்வத்தை அல்ல.

ஆகவே அடுத்த முறை நாடுகளை ஒப்பிடுவதற்கு முன் மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள்: மாற விரும்புகிறீர்களா, கடந்த நான்கு வாரத்தில் அதற்காக ஏதாவது செய்தீர்களா, நாளைக்கே விலகினால் எவற்றை இழப்பீர்கள்? மூன்றாவதற்குக் கட்டம் போடாதீர்கள், எழுதச் சொல்லுங்கள். தாளை நிறுவனத்துக்கு வெளியே உள்ள யாராவது வாங்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் சொல்லாத விவரம்: கணக்கெடுப்பை எந்த மாதத்தில் நடத்தினீர்கள்? சீனாவில் ஆண்டு போனஸ் பல நிறுவனங்களில் சந்திரப் புத்தாண்டுக்கு முன்பு வரும். அதை வாங்கி, ஊருக்குப் போய்த் திரும்பியதும் வேலை மாறும் பருவம் தொடங்கும். "தங்க மார்ச், வெள்ளி ஏப்ரல்" என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஷாங்காய் கிளை ஜனவரியில் பதில் சொல்லியிருந்தால், அந்த எண்ணை அடுத்த மார்ச்சில் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கும்வரை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.